கையெழுத்து போட்டது ரெண்டு பேர், உப்பு குடிச்சது மூணாவது ஆள்

1/ "திருப்பூர் மாடல்"னு யாராவது மேடையில சொன்னா எனக்கு பிபி ஏறும். அரசும் தொழில்துறையும் சேர்ந்து நொய்யலைக் காப்பாத்தின கதை, நாட்டுக்கே முன்மாதிரி, ஜீரோ டிஸ்சார்ஜ், அது இதுன்னு. பாதி உண்மை. மீதிப் பாதியை மேடையில யாரும் சொல்றதில்ல. அதுக்குத்தான் இந்த த்ரெட். ரொம்ப நீளம், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

2/ மொதல்லயே சொல்லிடறேன். நான் இந்தப் பக்கம் ஜிஎச்சுல வேலை பாக்கற சாதா எம்பிபிஎஸ். கிட்னி ஸ்பெஷலிஸ்ட் இல்ல, சுற்றுச்சூழல் நிபுணரும் இல்ல. அரசு ஊழியர் விதிகளும் தெரியும். கீழ இருக்கற ஒவ்வொரு தகவலும் கோர்ட் தீர்ப்புலயோ பொதுவெளியிலயோ இருக்கறதுதான். கருத்து மட்டும் என்னோடது.

இன்னொண்ணு. பனியன் கம்பெனிக்கு நான் எதிரி இல்லைங்க. என் ஓபிக்கு வர்ற எத்தனையோ குடும்பத்துல அடுப்பு எரியறதே அதனாலதான்.

3/ வெளியூர்க்காரங்களுக்காக: நொய்யல் வெள்ளியங்கிரி மலையில பொறந்து கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியா வந்து, கரூர் மாவட்டத்துல நொய்யல்ங்கற ஊர்லயே காவிரியில கலக்குது. நடுவுல திருப்பூர். 2024-25ல மட்டும் 40,000 கோடி ரூபாய்க்கு மேல பின்னலாடை ஏத்துமதி செஞ்ச ஊர். ஆத்துக்கு மேல பக்கம் இருக்கறவங்களுக்கு நொய்யல் ஒரு ஆறு. கீழ பக்கம் இருக்கறவங்களுக்கு அது ரொம்ப வருஷமா ஒரு சாக்கடை.

4/ என்ன பிரச்சனைன்னு புரிய சாயப்பட்டறைக்குள்ள ஒரு நிமிஷம் போகணும். பருத்தித் துணியில ரியாக்டிவ் சாயம் ஒட்டணும்னா உப்பு வேணும். சோடியம் குளோரைடு, இல்லன்னா சோடியம் சல்ஃபேட். அடர்த்தியான நிறம்னா ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்பு வரைக்கும்கூட போகும். அந்த உப்பு சாயத்தை நூலுக்குள்ள தள்ளிவிடற வேலையை மட்டும் செய்யும். துணியோட அது போகாது. போட்ட உப்பு மொத்தமும் கழிவுத் தண்ணியிலதான் நிக்கும்.

இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. கதையோட வில்லன் கலர் இல்ல, உப்பு.

5/ 1989லயே தமிழ்நாடு அரசு ஒரு அரசாணை போட்டிருக்கு. எண் 213. முக்கியமான ஆறுகள்ல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள மாசு உண்டாக்கற தொழில் புதுசா வரக்கூடாது. அதுக்கப்புறம்தான் 90கள்ல திருப்பூர் வெடிச்சு வளந்துச்சு. பட்டறைகள் எங்க வந்துச்சு? ஆத்தங்கரையில, ஓடைக்கரையில. ஏன்னா தண்ணிய விடறதுக்கு அதுதான் சௌகரியம்.

6/ விவசாயிங்க சத்தம் போட்டாங்க. அப்பத்தான் முதல் "கூட்டு முயற்சி" வருது: பொது சுத்திகரிப்பு நிலையங்கள். பத்து நூறு பட்டறை சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பிக்கறது, அரசு மானியம், பட்டறைக்காரங்க பங்கு, வங்கிக் கடன். 90களோட கடைசியில வேலையும் ஆரம்பிச்சிருச்சு. பேப்பர்ல படிச்சா அருமையான ஏற்பாடு.

ஒரே ஒரு குறைதான். அந்த நிலையங்கள் கலரை எடுக்கும், நாத்தத்தைக் குறைக்கும். உப்பை எடுக்காது. எடுக்கற மாதிரி அதை வடிவமைக்கவே இல்ல.

7/ விட அனுமதிச்ச அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் டிடிஎஸ். வெளிய வந்தது அதை விடப் பல மடங்கு. இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்ல. வாரியத்துக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும், டிசைன் பண்ணின இன்ஜினியருக்குத் தெரியும், கடன் கொடுத்த பேங்குக்கும் தெரிஞ்சிருக்கும். கையெழுத்து போட்ட எல்லாருக்கும் தெரியும். கீழ பக்கம் கெணத்துத் தண்ணியை நாக்குல வெச்சுப் பாத்தவங்களுக்கு இன்னும் நல்லா தெரியும். ஆனா அவங்க எந்தத் தாளுலயும் கையெழுத்து போடல.

8/ இப்ப ரெண்டாவது கூட்டு முயற்சி. இதுதான் பெருசு. இந்தியாவுலயே தண்ணிக்காக தனியார்-அரசு கூட்டுல வந்த முதல் பெரிய திட்டங்கள்ல ஒண்ணு. பேரு நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன். 1995ல ஆரம்பிச்ச கம்பெனி. தமிழ்நாடு அரசு, திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம், ஐஎல்&எஃப்எஸ் எல்லாம் உள்ள. திருப்பூர் நகராட்சியும் ஒப்பந்தத்துல ஒரு தரப்பு. செலவு 1,000 கோடி ரூபாய்க்கு மேல. 30 வருஷ உரிமை.

9/ பவானி ஆத்துல இருந்து ஒரு நாளைக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணி. அதுல பெரும்பங்கு தொழிலுக்கு, மீதி நகரத்துக்கும் வழியில இருக்கற கிராமங்களுக்கும். தொழிற்சாலைக்கு ஆரம்பத்துல 1,000 லிட்டருக்கு 45 ரூபா, வீட்டுக்கு அதுல சின்னப் பங்கு. தொழில் அதிகமா கட்டும், மக்கள் கம்மியா கட்டுவாங்க. நல்ல யோசனைதான், நான் கிண்டல் பண்ணல. அதுக்கு முன்னாடி திருப்பூர்ல லாரித் தண்ணிக்கு ஜனங்க பட்ட பாட்டை எங்க சொந்தக்காரங்க இன்னும் கதையா சொல்வாங்க.

10/ ஆனா ஒப்பந்தத்தோட கணக்கைப் பாருங்க. உள்ள வர்ற தண்ணிக்கு லிட்டர் கணக்குல மீட்டர், விலை, மினிமம் சார்ஜ், 30 வருஷத்துக்கு வரவு செலவு. அதே தண்ணி உப்போட வெளிய போறப்ப? அது வேற இலாகா. வேற கம்பெனி. வேற ஃபைல்.

பவானித் தண்ணி கைக்கு வந்ததும் சாயம் போட தண்ணி இருந்துச்சு. அதை வாங்கிக்க நொய்யலும் இருந்துச்சு.

11/ இப்ப ஒரத்துப்பாளையம். சென்னிமலை பக்கம் நொய்யல் குறுக்க 1992ல கட்டி முடிச்ச அணை. பத்தாயிரம் ஏக்கருக்குப் பக்கமா பாசனம் கொடுக்கணும்னு கட்டினது. என்னாச்சு தெரியுமா? கொஞ்ச வருஷத்துல அது சாயத்தண்ணி தேங்கற தொட்டியா மாறிடுச்சு. தேங்கின உப்பு சுத்துப்பட்டுக் கெணத்துக்கெல்லாம் எறங்குச்சு. தென்னை காஞ்சது. மாடு தண்ணி குடிக்க மாட்டேன்னு மூஞ்சியைத் திருப்புச்சு.

உலகத்துல எந்த ஊர் விவசாயியாவது "எங்க அணையில தண்ணி தேக்காதீங்க"ன்னு போராடிக் கேட்டிருக்கீங்களா? எங்க ஊர்ல கேட்டாங்க.

12/ 1996ல வேலூர் தோல் தொழிற்சாலை வழக்குல சுப்ரீம் கோர்ட், மாசு பண்றவன்தான் காசு கட்டணும்னு சொல்லுச்சு. அந்தத் தீர்ப்புக்கப்புறம் இழப்பைக் கணக்குப் போட ஒரு ஆணையம் வந்துச்சு. அந்த ஆணையம் நொய்யலுக்கும் கணக்கு போட்டுச்சு. 2002 ஆகஸ்ட்ல இருந்து 2004 கடைசி வரைக்கும், பாதிக்கப்பட்ட விவசாயிங்க 28,596 பேர், இழப்பீடு சுமார் 24.79 கோடி.

பெரிய தொகை மாதிரி தெரியுதில்ல? வகுத்துப் பாருங்க. சராசரியா ஆளுக்கு 8,670 ரூபா. நாள் கணக்குக்குப் போட்டா ஒரு நாளைக்கு பத்து ரூபா. நெலம், கெணறு, தென்னை, மாடு எல்லாத்துக்கும் சேத்து.

13/ "உப்பைத் தின்னவன் தண்ணி குடிப்பான்"னு நம்ம ஊர்ல சொல்வாங்க. கோர்ட் இங்கிலீஷ்ல நூறு பக்கம் எழுதினதும் இதைத்தான். நொய்யல்ல நடந்தது தலைகீழ். உப்பைப் போட்டவன் ஒருத்தன், தண்ணி குடிச்சவன் இன்னொருத்தன்.

14/ 2003ல நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் ஹைகோர்ட்டுக்குப் போறாங்க. யாரு? கடைமடை விவசாயிங்க. சொந்தக் காசுல வக்கீல் வெச்சு. 2006 டிசம்பர்ல தீர்ப்பு: 2007 ஜூலைக்குள்ள ஜீரோ டிஸ்சார்ஜ், அது வரைக்கும் வெளிய விடற ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்குல அபராதம். பட்டறை உரிமையாளர் சங்கம் சுப்ரீம் கோர்ட் போச்சு. 2009 அக்டோபர்ல அங்கயும் தோத்தாங்க. மூணு மாசம் டைம் கொடுத்தாங்க.

மூணு மாசம் போச்சு. ஒரு வருஷமும் போச்சு.

15/ 2011 ஜனவரி 28. ஹைகோர்ட், திருப்பூர்ல இருக்கற அத்தனை சாயப்பட்டறையையும் சலவைப்பட்டறையையும் பொது சுத்திகரிப்பு நிலையத்தையும் மூடச் சொல்லுச்சு. 700க்கும் மேல. கரண்ட் கட். ஊரே நின்னுச்சு. வேலை போனவங்க மூட்டை கட்டிட்டு ஊருக்குப் போனாங்க, கடன் வாங்கின சின்ன முதலாளிங்க நொடிஞ்சாங்க. அதுல எனக்கு எந்த சந்தோஷமும் இல்ல. தொழிலாளிக்கு அந்த ஆர்டர்ல எந்தப் பாதுகாப்பும் இல்ல. அவங்களும் மூணாவது ஆளுங்கதான்.

16/ இப்ப மேஜிக்கைப் பாருங்க. பத்து பதினஞ்சு வருஷமா "தொழில்நுட்பம் இல்ல, காசு இல்ல, சாத்தியமே இல்ல"ன்னு சொன்னதெல்லாம் மூடினதுக்கப்புறம் சாத்தியமாச்சு. அதே வருஷம் தமிழ்நாடு அரசு சுமார் 200 கோடி ரூபா வட்டியில்லாக் கடன் அறிவிச்சுது. அரசும் ஐஎல்&எஃப்எஸ்ஸும் சேர்ந்து வெச்சிருந்த தமிழ்நாடு வாட்டர் இன்வெஸ்ட்மென்ட் கம்பெனி, கழிவுல இருக்கற உப்புக் கரைசலைச் சுத்தம் பண்ணி மறுபடியும் சாயத்துக்கே பயன்படுத்தற முறையை அருள்புரம் நிலையத்துல ஓட்டிக் காமிச்சுது. மத்த நிலையங்களும் ஒவ்வொண்ணா மாறுச்சு.

17/ இன்னிக்கு அந்த நிலையங்கள்ல மொதல்ல நுண்ணுயிரை வெச்சு சுத்தம், அப்புறம் கலர் நீக்கம், அப்புறம் ஆர்ஓ, கடைசியில மிஞ்சற உப்புக் கரைசலைக் காய்ச்சி உப்பாவே எடுக்கறது. தண்ணியில பெரும்பங்கு திரும்ப பட்டறைக்கே போகுது. இது நிஜமாவே சாதனை. அந்த இன்ஜினியர்களுக்கும், கடன்ல மூழ்கிக்கிட்டே நிலையத்தை ஓட்டற சின்னப் பட்டறைக்காரங்களுக்கும் என் வணக்கம். நக்கல் இல்ல.

18/ ஆனா மேடையில என்ன சொல்றாங்க? "அரசு-தொழில் கூட்டுறவின் வெற்றி."

இல்லைங்க. கூட்டுறவு அதுக்கு முன்னாடி பதினஞ்சு வருஷமா இருந்துச்சே? மானியம் இருந்துச்சு, பங்கு இருந்துச்சு, கம்பெனி இருந்துச்சு, நகராட்சி கையெழுத்து இருந்துச்சு. ஆறு செத்ததே அந்தக் கூட்டுறவு நடந்துக்கிட்டிருக்கறப்பத்தான். 2003ல புதுசா வந்தது ஒண்ணே ஒண்ணு: மூணாவது ஆள் வாயைத் திறந்தாரு. கோர்ட் அவருக்கு ஒரு நாற்காலி போட்டுச்சு. திருப்பூர் மாடல்னு ஒண்ணு இருந்தா, அது கடைமடை விவசாயி தொடுத்த கேஸுதான். அவங்க போட்டோ எந்த பேனர்லயாவது பாத்திருக்கீங்களா?

19/ கொங்கு நாட்டுல "பங்காளி"ங்கற வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமில்ல. சொத்துல பங்கு உள்ளவன். வரப்புச் சண்டைக்கும் அவன்தான் வருவான், எழவு விழுந்தா மொதல் ஆளா அவன்தான் நிப்பான். லாபத்துல மட்டும் பங்கு, நட்டத்துல "அது வேற டிபார்ட்மென்ட்"னு சொல்றவனை யாரும் பங்காளின்னு கூப்புட மாட்டாங்க.

20/ சரி, டாக்டருக்கு இதுல என்ன வேலை? சொல்றேன்.

எங்க ஓபிக்கு நொய்யல் கரையோரம் இருந்து ஒரு அம்மா வருவாங்க, 45 வயசு, பிபி 180/110. கேஸ் ஷீட்ல பேர், வயசு, ஊர், பிபி, மாத்திரை எல்லாம் எழுதுவோம். "ஏனுங்கம்மா, வீட்டுல எந்தத் தண்ணி குடிக்கறீங்க?"ன்னு கேக்கற கட்டம் அந்தத் தாள்ல இல்ல. நான் வாயால கேப்பேன். "மேட்டூர்த் தண்ணி வந்தா அதுங்க தம்பி, வராட்டி போர்த் தண்ணிதான். சோறு பொங்கறதுக்கு உப்பே போட வேண்டியதில்லீங்க"ம்பாங்க. சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. எனக்கு சிரிப்பு வராது.

21/ இங்க ஒரு விஷயத்துல தெளிவா இருக்கணும். "சாயத்தண்ணியால ஊருக்கே கேன்சர்"னு வாட்ஸ்அப்ல சுத்துதில்ல, அதை நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல. ஆதாரம் இல்லாம பேசினா நாளைக்கு ஒரு வக்கீல் அதை ஒரே நிமிஷத்துல உடைச்சிருவாரு, அதோட நிஜமான பிரச்சனையும் சேர்ந்து போயிரும். என் கேள்வி வேற: இருபது வருஷத்துக்கு மேலாச்சு, அந்த ஆதாரத்தைத் தேட வேண்டியவங்க ஏன் தேடவே இல்ல?

22/ சின்னக் கணக்கு ஒண்ணு. குடிதண்ணிக்கு இந்தியத் தர நிர்ணயம் டிடிஎஸ் 500. வேற வழியே இல்லைன்னா 2,000 வரைக்கும். ஆத்துல விட அனுமதிச்ச 2,100ல முக்காவாசிக்கு மேல உப்புதான். சும்மா கணக்குக்கு அது முழுசும் சாப்பாட்டு உப்புன்னே வெச்சுக்குவோம். வேலை செய்யற ஆளு வெயில் காலத்துல மூணு லிட்டர் குடிப்பாரு. 6.3 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்ற அளவு 5 கிராமுக்குக் கீழ. சோத்துல, கொழம்புல, ஊறுகாய்ல போடறது தனி.

விடறதுக்கான அளவும் குடிக்கறதுக்கான அளவும் வேறன்னு சொல்வாங்க. சரிதான். ஆனா ஆறு கெணத்துக்குள்ள எறங்கறப்ப அந்த வித்தியாசத்தை யாருகிட்டயும் கேட்டுட்டு எறங்கல.

23/ இது சும்மா கற்பனையும் இல்ல. வங்கதேசக் கடலோரத்துல டாகோப்னு ஒரு பகுதி. அங்க கடல் உப்பு நிலத்தடித் தண்ணியில ஏறிடுச்சு. கர்ப்பிணிகளை வெச்சு ஆய்வு பண்ணினாங்க. உப்பு அதிகமுள்ள தண்ணி குடிச்சவங்களுக்கு கர்ப்பகால ரத்த அழுத்தமும் ப்ரீ-எக்லாம்ப்சியாவும் அதிகமா வந்ததைக் கண்டுபிடிச்சாங்க. ப்ரீ-எக்லாம்ப்சியான்னா என்னன்னு லேபர் வார்டுல ஒரு ராத்திரி நின்னவங்களுக்குத் தெரியும். தாயும் போகலாம், குழந்தையும் போகலாம்.

நம்மகிட்ட அதே மாதிரி பாக்க எல்லாமே இருக்கு. அதான் வயித்தெரிச்சல்.

24/ தமிழ்நாட்டுல ஒவ்வொரு கர்ப்பிணியும் பிக்மி நம்பரோட பதிவாகறாங்க. ஒவ்வொரு விசிட்டுக்கும் பிபி எழுதறாங்க, ஊர் பேரோட. 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் வீடு வீடா போய் பிபி, சுகர் பாக்குது. குடிநீர் வடிகால் வாரியம் ஊர் ஊரா தண்ணியைப் பரிசோதிக்குது. மூணும் அரசாங்கத்துக்கிட்டதான் இருக்கு. மூணும் மூணு கம்ப்யூட்டர்ல.

ஒரத்துப்பாளையத்துக்கு மேல பத்து ஊர், கீழ பத்து ஊர், ஆத்துல இருந்து தள்ளி பத்து ஊர். பிபியையும் டிடிஎஸ்ஸையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. பெரிய ஆராய்ச்சி மையம் வேண்டாம், ஒரு சமூக மருத்துவப் பிஜி மாணவருக்கு இது ஒரு தீசிஸ். முடிவு "சம்பந்தமே இல்ல"ன்னு வந்தாலும் நான்தான் மொதல்ல ஸ்வீட் வாங்கித் தருவேன்.

25/ இதைப் பாக்காம இருக்கறது யாருக்கு லாபம்னு யோசிங்க. கிட்னி போனா டயாலிசிஸ் முதலமைச்சர் காப்பீட்டுல. பிபி மாத்திரை அரசு கொடுக்குது. கெணறு போனா கூட்டுக்குடிநீர்த் திட்டம், அதுவும் அரசு. எல்லாமே வரிக்காசு. ஒப்பந்தத்துல எழுதாத செலவு அத்தனையும் கடைசியில எங்க ஓபி க்யூவுல வந்துதான் நிக்குது.

26/ ஜீரோ டிஸ்சார்ஜ் வந்ததோட கதை முடிஞ்சதான்னா, அதுவும் இல்ல. திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பும் கசடும் மூட்டை மூட்டையா நிலையங்கள்ல குவிஞ்சுது. 2011 மூடலுக்கப்புறம் சாயவேலை கொஞ்சம் நாமக்கல், ஈரோடு, சேலம் பக்கம் நகர்ந்துச்சு. பள்ளிபாளையம், குமாரபாளையத்துல சாயத்தண்ணி காவிரிக்கே போகுதுன்னு அப்பப்ப செய்தி வருது பாருங்க. பெருந்துறை சிப்காட்டைச் சுத்தி இருக்கற ஜனங்க நிலத்தடித் தண்ணிக்காக வருஷக்கணக்கா போராடறாங்க. ஆறு மாறுச்சு, மாவட்டம் மாறுச்சு, மூணாவது ஆளோட நெலைமை மாறல.

27/ இன்னொரு மூணாவது ஆள்: தொட்டிக்குள்ள எறங்கறவரு. 2025 மே மாசம் பல்லடம் பக்கம் கரைப்புதூர்ல ஒரு சாயப்பட்டறைத் தொட்டியைச் சுத்தம் பண்ண எறங்கின தொழிலாளிங்க விஷவாயுவுல செத்துப்போனாங்க.

காத்து போகாத தொட்டியில கசடு அழுகினா ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகும். மொதல்ல அழுகின முட்டை நாத்தம். அளவு கூடினா மூக்கு மரத்துப்போயி நாத்தமே தெரியாது. "நாத்தம் போயிருச்சு, எறங்கலாம்"னு நினைக்கற எடத்துலதான் சாவு. ரெண்டு மூணு மூச்சுல மயக்கம். காப்பாத்த எறங்கறவரும் அதே மாதிரி விழுவாரு, அதனாலதான் எப்பவுமே ஒருத்தர் மட்டும் சாகறதில்ல. ஆளை எறக்கக் கூடாதுன்னு 2013லயே சட்டம் இருக்கு. ஆத்துக்கு ஜீரோ டிஸ்சார்ஜ்னு சான்றிதழ் கொடுக்கறப்ப, தொட்டிக்குள்ள மனுஷன் எறங்கினானான்னு கேக்கற கட்டமும் அந்தத் தாள்ல வேணும்.

28/ "எல்லாத்துக்கும் தொழிலையே சொல்றீங்களே, உள்ளாட்சி?"ன்னு கேப்பீங்க. கேளுங்க, கேக்கணும். திருப்பூருக்கு வர்றதுக்கு முன்னாடியே நொய்யல் கோயம்புத்தூர் சாக்கடையை வாங்கிட்டுத்தான் வருது. உக்கடத்துல நிலையம் இருக்கு, ஒண்டிப்புதூர்ல இருக்கு, நஞ்சுண்டாபுரத்துல இருக்கு. வீட்டுக்கு வீடு பாதாளச் சாக்கடை இணைப்பு இன்னும் முழுசா இல்ல. தான் விடற சாக்கடைக்கே கணக்கு காட்டாத உள்ளாட்சி, பட்டறைக்காரன்கிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு கணக்கு கேக்கும்? கூட்டாளி ரெண்டு பேரும் அழுக்கா இருந்தா ஒருத்தரை ஒருத்தர் காட்டிக் கொடுக்க மாட்டாங்க. அந்த மௌனத்துக்குப் பேரு கூட்டுறவு இல்ல.

29/ நல்லதையும் சொல்லணும். 2003 வறட்சியப்ப கோயம்புத்தூர் தொழிலதிபர்கள் சேர்ந்து ஆரம்பிச்ச சிறுதுளி, குளம் தூர்வாரினது, வாய்க்கால் சீர் பண்ணினதுன்னு உருப்படியா வேலை செஞ்சிருக்காங்க. மறுக்கல. ஆனா குளம் தூர்வாரறது தர்மம், கழிவை அடைக்கறது கடமை. தர்மத்துக்கு போட்டோ எடுத்துப் போட்டுட்டு கடமைக்கு டைம் கேக்கற பழக்கம் நம்ம ஊர்ல ஜாஸ்தி. நான் யாரையும் குறிப்பிட்டு சொல்லல, தொப்பி பொருந்தினவங்க போட்டுக்கலாம்.

30/ இப்ப பட்டறைக்காரங்க பக்கம். அவங்க சொல்றதுல ரெண்டு நியாயம் இருக்கு.

ஒண்ணு: "எங்களுக்கு மட்டும் ஜீரோ டிஸ்சார்ஜ், லூதியானால புட்டா நாலாவுல விட்டுட்டு எங்களை விட கம்மி ரேட்டுக்கு சாயம் போடறான்." உண்மைதான். நாடு முழுக்க ஒரே விதி வேணும்னு எங்க எம்பிக்கள் டெல்லியில கத்தணும். விதியைத் தளர்த்துங்கன்னு இல்ல, அங்கயும் போடுங்கன்னு.

31/ ரெண்டாவது நியாயம் இன்னும் பெருசு. ஒரு கிலோ துணிக்கு சாயக்கூலி வாங்கற ஜாப் ஒர்க் பட்டறைக்காரர்தான் கரண்ட் பில், விறகு, ஆர்ஓ மெம்பரேன், உப்புக் காய்ச்சறது எல்லாத்தையும் தாங்கறாரு. அந்தத் துணியை அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் விக்கற பிராண்டு, தன் வெப்சைட்ல "நிலைத்த வளர்ச்சி"ன்னு பச்சை இலை படம் போட்டுக்குது. ஆர்டர் போடறப்ப பீஸுக்கு அஞ்சு சென்ட் கொறைன்னு பேரம் பேசறதும் அதே பிராண்டுதான். ஒப்பந்த மேசையில இல்லாத இன்னொருத்தர் இவரு. கீழ இருக்கற விவசாயியை உள்ள விடல. மேல இருக்கற பிராண்டு உள்ள வரவே இல்ல. நடுவுல பட்டறைக்காரரும் அரசும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க.

32/ "இப்ப நேரம் சரியில்ல டாக்டர், 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதுல தொழில் அடிவாங்கிருச்சு, இப்பப் போய் இதைப் பேசலாமா?" அடிவாங்கினது உண்மை. ஷிப்ட் குறைஞ்ச வீடுகளை எனக்கும் தெரியும். ஆனா யோசிச்சுப் பாருங்க, நேரம் எப்ப சரியா இருந்துச்சு? 90கள்ல "இப்பத்தான் வளர்றோம்". 2008ல "உலகப் பொருளாதார மந்தம்". அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் கொரோனா, அப்புறம் நூல் விலை. கெணத்துல உப்பு ஏறறதுக்கு மட்டும் எந்த வருஷமும் நேரம் பாக்கல.

33/ அப்ப என்னதான் வேணும்? கூட்டே வேண்டாம்னு நான் சொல்லல. அரசு தனியா இதைப் பண்ணாது, தொழில் தனியா பண்ணாது, ரெண்டும் தெரிஞ்சதுதான். புதுசா எந்த சாயப் பூங்காவோ, சிட்கோ எஸ்டேட்டோ, பொது சுத்திகரிப்பு நிலையமோ வந்தாலும், கீழ பக்கம் இருக்கற ஊராட்சிகள் ஒப்பந்தத்துல ஒரு தரப்பா கையெழுத்து போடணும். கருத்துக் கேட்புக் கூட்டம்னு கூப்புட்டு டீயும் பன்னும் கொடுத்து அனுப்பறது இல்ல. கையெழுத்து. அவங்க போடலன்னா ஆரம்பிக்க முடியாதுங்கற அளவுக்கு.

34/ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சுத்துப்பட்டுக் கெணத்துத் தண்ணியும் ஜனங்க பிபியும் அளந்து எழுதி வெக்கணும். இல்லன்னா பத்து வருஷம் கழிச்சு "இது முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சு"ம்பாங்க. நொய்யல்ல அதைத்தான் சொன்னாங்க.

ஆரம்பிக்கறப்பவே ஒரு தொகையை தனிக் கணக்குல கட்டிடணும். நாள் பத்து ரூபாய்க்காக எந்த விவசாயியும் கோர்ட் படி ஏறக்கூடாது.

35/ அப்புறம் மீட்டர். நிலையத்துல இருந்து ஆன்லைன்ல ரீடிங் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகுது. நல்லது. அதே ரீடிங் கீழ இருக்கற ஊராட்சி ஆபீஸ் செவுத்துல ஒரு போர்டுல ஓடட்டும், பஸ் ஸ்டாண்டுல பஸ் டைம் ஓடற மாதிரி. வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்குது, அதுல மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்னிக்கு தண்ணியின் அவசியம் பத்தி உறுதிமொழி வாசிக்கறதுக்குப் பதிலா அந்த வருஷ ரீடிங்கை வாசிங்க. போன வருஷம் எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவு. நாலாங்கிளாஸ் படிச்சவருக்கும் புரியும்.

36/ "விவசாயியை உள்ள விட்டா எதுவுமே நடக்காது, எல்லாத்துக்கும் தடை போடுவாங்க"ன்னு ஒரு அதிகாரி என்கிட்ட நேராவே சொன்னாரு. அவரை வெளிய வெச்சு நடத்தினப்ப என்ன நடந்துச்சு? எட்டு வருஷக் கேஸு, அப்புறம் மொத்த ஊரும் ஒரே நாள்ல மூடல். ஒரு ஏற்றுமதியாளரா யோசிச்சாலே எது செலவு கம்மின்னு தெரியும்.

37/ நொய்யல் கரை, காவிரிக் கரை, பெருந்துறை சுத்துவட்டாரத்துல இருக்கறவங்களுக்கு: மாவட்டக் குடிநீர் வாரிய லேப்ல தனிநபரும் கட்டணம் கட்டி தண்ணியைச் சோதிக்கலாம். கெணத்துத் தண்ணியைக் கொடுங்க, ரிப்போர்ட் வாங்குங்க, தேதியோட பத்திரமா வைங்க. வீட்டுல கர்ப்பிணியோ பிபி, கிட்னிக்காரங்களோ இருந்தா டாக்டர்கிட்ட போறப்ப அந்தத் தாளையும் கொண்டு போங்க. அவர் கேக்காட்டியும் காட்டுங்க. பிபி மாத்திரையை மட்டும் தண்ணி மேல கோவிச்சுக்கிட்டு நிறுத்திடாதீங்க.

38/ சமூக மருத்துவத்துல பிஜி பண்றவங்க யாராவது மேல 24ல சொன்ன ஆய்வை எடுக்கறதா இருந்தா டிஎம் பண்ணுங்க. ஊர் லிஸ்ட் போட, ஆளுங்களை அறிமுகப்படுத்த என்னால முடிஞ்சதைச் செய்றேன். சாயப்பட்டறைக்காரங்க யாராவது "இதுல இந்த இடம் தப்பு"ன்னு சொன்னாலும் எழுதுங்க, படிப்பேன்.

இன்னிக்கு நைட் டூட்டி. ரிப்ளை காலையிலதான்.